பச்சை வயர் போய்ச் சேருமிடம்

மக்களே,

போனில் நீ கேட்டாய். "ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர். அதுல நல்லதாப் பாத்து ஒண்ணு வாங்கத் தெரியாதா அப்பா?" நான் பதில் சொல்லத் தொடங்கினேன். நீயும் அதே நேரத்தில் வேறு ஏதோ சொன்னாய். குவைத்தில் இருந்து வரும் குரல் ஒரு கணம் பிந்தி வருகிறது. இருவரும் நின்றோம். இருவரும் மறுபடி ஒன்றாகத் தொடங்கினோம். பிறகு நீ "செரி, விடுங்க" என்றாய். உனக்கு டூட்டிக்கு நேரமாகியிருந்தது.

அதனால் எழுதுகிறேன். எழுதும்போது யாரும் யாருடைய குரலையும் மறைப்பதில்லை. மோடம் எரிந்துவிட்டதால் மெயிலும் இல்லை, தாள்தான். கீழத்தெருவில் லீவுக்கு வந்த பையன் வியாழக்கிழமை குவைத் திரும்புகிறான். உன் அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் வறுத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பொட்டலத்தோடு இதுவும் வரும். எண்ணெய்க் கறை இருந்தால் பொறுத்துக்கொள். அடுத்த மாதம் நீ லீவில் வருவதற்கு முன்னால் இதைப் படித்துவிட வேண்டும். அதுதான் அவசரம். மின்னலில் இருந்து கம்ப்யூட்டரைக் காக்கும் அந்தச் சர்ஜ் ப்ரொடெக்டர் அல்ல. ஆனால் அதிலிருந்துதான் சொல்ல வேண்டும். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

நீ போகும்போது அனுவுக்குப் பத்து மாதம். நெய்யூரில் பார்த்த வேலையை விட்டு, முலைப்பால் மறக்காத பிள்ளையை விட்டு ஏன் போனாய் என்று இங்கே யாரும் கேட்கவில்லை. நம் அருமனைப் பக்கத்தில் பாதி வீடுகளில் ஒரு நர்ஸ் வெளியே இருக்கிறாள். போவதற்கு முந்தின வாரம் நீயே கம்ப்யூட்டரை முன்னறையில் வைத்து, கேமராவை மாட்டி, எனக்கு இரண்டு பொத்தான்களைக் காட்டித் தந்தாய். இது பச்சை, இது சிவப்பு. வேறெதையும் தொட வேண்டாம் என்றாய். நான் தொடவில்லை. ஒரு வருடம் கழித்து அனு கம்ப்யூட்டரைக் காட்டி "அம்மா" என்று சொன்னாள். நீ அதில் தெரிந்தபோது அல்ல. அணைந்திருந்தபோது. உன் அம்மா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று அன்றைக்கு நாங்கள் பேசிக்கொள்ளவே இல்லை. சவுதியில், தமாமில் இருக்கும் உன் வீட்டுக்காரர் வெள்ளிக்கிழமைகளில் திரையில் வருவார். அவரை அவள் மாமா என்கிறாள். திருத்தினால் சரியாகச் சொல்வாள், அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி மாமா.

நீ திரையில் வரும் நேரம் நம் கணக்கில் பிற்பகல் மூன்றரை மணி. இரவு டூட்டி முடிந்து உறங்கி எழுந்தபின், விடுதி அறையில் நான்கு பேருக்கும் ஒரே இணைப்பு, உன் முறை அது. காலையில் பேசலாமே என்று நான் கேட்டேன். அப்போது மற்றவர்கள் உறங்குவார்கள். மாலையில் வேறொருத்தியின் முறை. அவளுக்கும் ஒரு பிள்ளை, எங்கோ கோட்டயம் பக்கத்தில். மாற்றச் சொல்லி நீயும் கேட்க மாட்டாய், நானும் சொல்ல மாட்டேன்.

மூன்றரை மணி. நம் ஊரில் சித்திரையிலும் ஐப்பசியிலும் அது என்ன நேரம் என்று உனக்கு நினைவிருக்கும். காலையில் வெயில் பளீரென்று இருக்கும். ரப்பர் ஷீட்டைக் கொடியில் போடுவோம். மதியத்துக்கு மேல் மலைப்பக்கம் கறுக்கும். காற்று நிற்கும். முதல் இடி எங்கோ தொலைவில், யாரோ மச்சில் பெட்டியை இழுப்பது போல. அப்போது இங்கே மூன்றேகால். நீ அங்கே முகம் கழுவிக்கொண்டிருப்பாய்.

வானம் கறுத்தால் உன் அம்மாவுக்கு ஒரு வரிசை உண்டு. டிவி பிளக். போன் வயர். கொடியில் கிடக்கும் ஷீட். கடைசியில் அலமாரிக் கண்ணாடிக்கு ஒரு துணி, கண்ணாடி மின்னலைக் கூப்பிடும் என்று. ஒன்பதாம் வகுப்பில் இருக்கும்போது நீ அந்தத் துணியை இழுத்துப் போட்டுவிட்டு, கண்ணாடிக்கும் மின்னலுக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று பாடம் எடுத்தாய். அவள் எல்லாவற்றையும் கேட்டாள். "செரி டீச்சரே" என்றாள். நீ அடுக்களைக்குப் போனதும் மறுபடி மூடினாள். கம்ப்யூட்டர் வந்தபின் வரிசையில் ஒன்று கூடியது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, திரைக்கும் ஒரு துணி. நீ விட்டுப் போன நீலத் துப்பட்டா. "எதுக்குடி இதுக்கு?" என்றேன். "அதும் கண்ணாடிதானே" என்றாள். அதற்குமேல் அவளிடம் வாதிட நீ இங்கே இல்லை.

முதல் முறை எரிந்தது துணி போட மறந்ததால் என்றுதான் இன்றும் அவள் நினைக்கிறாள். உண்மையில் நான் வீட்டில் இல்லை, அவள் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள், போன் வயரைக் கழற்றவில்லை. மோடம் போயிற்று. பச்சை மீன் கருகியது போல ஒரு வாடை. புது மோடம் வந்து லைன் சரியாக ஒரு மாதம் போலாயிற்று. அதன்பின் நீ திரையில் வந்த நாளில் அனு என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். நீ "ஏட்டி, அம்மாவ மறந்தியா?" என்று சிரித்தாய். அவள் வரவில்லை. நீ இன்னும் சிரித்தாய். பிறகு உன் கேமரா மேல்நோக்கித் திரும்பியது. கொஞ்ச நேரம் எங்களுக்கு உன் அறையின் மின்விசிறிதான் தெரிந்தது. கை பட்டுவிட்டது என்றாய். நானும் அப்படியே எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்குத்தான் நீ முதன்முதலாகச் சர்ஜ் ப்ரொடெக்டர் என்றாய். ஒன்று வாங்கி மாட்டிவிட்டால் பிடுங்க வேண்டாம், இடி வந்தாலும் பேசலாம் என்றாய். மறுநாளே மார்த்தாண்டம் போனேன்.

கடைக்காரர் இளைஞர். "எதுக்கு சார்? டிவிக்கா, பிரிட்ஜுக்கா?"

"கம்ப்யூட்டருக்கு. இடிக்கு."

"இடி கம்ப்யூட்டர்னு பாத்தா சார் வருது? எல்லாத்துக்கும் சேத்துல்லா வரும்." மூன்று பெட்டிகளை மேசையில் வைத்தார். "இது சாதா. இது நல்லது. இது இம்போர்ட்டட்."

"வித்தியாசம் என்ன?"

"வெலதான் சார்."

நடுவில் இருந்ததை எடுத்தேன். எதுவும் தெரியாதவன் நடுவில் இருப்பதைத்தான் எடுப்பான். சிவப்புச் சுவிட்ச், ஐந்து துளைகள், மேலே மின்னல் படம். அந்தப் படத்தை நம்பினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அடுத்த மழையில் கம்ப்யூட்டருக்கு உள்ளே கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி போயிற்று, மோடமும் கூட. சிவப்புச் சுவிட்ச் மட்டும் ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது. திருகுகளைக் கழற்றித் திறந்து பார்த்தேன். உள்ளே மூன்று பித்தளைப் பட்டைகள். சின்ன விளக்கு ஒன்று. வேறொன்றுமே இல்லை. உன் அம்மா எட்டிப் பார்த்தாள். "இதுக்கு நம்ம பழைய எக்ஸ்டென்ஷன் போர்டே போதுமே. அதுல ரெண்டு ஓட்டை கூடுதலும் உண்டு."

கம்ப்யூட்டர் பெட்டியைப் பழுதுபார்க்க ஆட்டோவில் ஏற்றினேன். அனு முற்றத்தின் விளிம்பு வரை ஓடி வந்தாள். என்ன சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள் என்று எழுத வேண்டாம் என்று நினைக்கிறேன். உனக்குத் தெரியும்.

அதன்பிறகுதான் படித்தேன். ரிப்பேர் கடையில் காத்திருந்த பகல்களில், அங்கே கிடந்த பெட்டிகளின் மேலட்டைகளை, உள்ளே மடித்து வைத்திருக்கும் தாள்களை, ஒவ்வொன்றாக. நான் எம்.ஏ. தமிழ் படித்தது இதற்காக அல்ல. ஆனாலும் வாசிப்பு வாசிப்புதான். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நாளைக்கு உனக்கென்று ஒரு வீடு அமையும்போது உதவும்.

உள்ளே ஒரு வில்லை இருக்க வேண்டும். பழைய ஐம்பது காசு அளவு, நீலமாகவோ மஞ்சளாகவோ. லைனில் வழக்கமான கரண்ட் ஓடும்போது அது சும்மா இருக்கும். அளவுக்கு மீறி ஒன்று பாயும்போது மட்டும் வழிவிட்டு, அதைப் பச்சை வயர் வழியே மண்ணுக்குத் திருப்பிவிடும். எவ்வளவு தாங்கும் என்பதை ஜூல் என்ற கணக்கில் வெளியே அச்சிட்டிருப்பார்கள். அச்சிடவில்லை என்றால் வில்லையே இல்லை என்று வைத்துக்கொள். ஒவ்வொரு அடிக்கும் அது கொஞ்சம் தேயும். ஒரு நாள் தேய்ந்து முடியும். முடிந்த பிறகும் துளைகளில் கரண்ட் வந்துகொண்டே இருக்கும், எல்லாம் ஓடும், ஒன்றும் மாறியது போலத் தெரியாது. அதனால் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு வைத்ததாகப் பார்த்து வாங்கு. வில்லை உயிரோடு இருக்கும்வரை மட்டும் அது எரியும். நாள்தோறும் அதை ஒருமுறை பார். பிறகு, கரண்ட் வயரை மட்டும் காத்தால் போதாது. இடி பாதி நேரம் போன் வயர் வழியாகத்தான் வீட்டுக்குள் வருகிறது. போன் வயரும் அந்தப் பெட்டிக்குள் நுழைந்து வெளியேறித்தான் மோடத்துக்குப் போக வேண்டும்.

இவ்வளவையும் பார்த்து இரண்டாவதை வாங்கினேன். கறுப்பு நிறம், கனமானது. மாட்டினேன். பச்சை விளக்கு எரிந்தது. பெருமையாகத்தான் இருந்தது. உன் அம்மா ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இது இடிய என்ன செய்யும்?"

"பிடிச்சு மண்ணுக்கு அனுப்பும்."

"எது வழியா?"

"பச்சை வயர் வழியா. எர்த்."

"அந்த வயரு எங்க போவுது?"

நான் குனிந்து பிளக்கைப் பார்த்தேன். "அதில்லாம," என்றாள், "நான் இந்தப் பெட்டியத் தொடச்சா கையில சுள்ளுன்னு புடிக்குதுன்னு எத்தன வாட்டி சொல்லியாச்சு. நீங்க கேட்டாத்தானே. வெறுங்காலோட நிக்கிறதுனாலன்னு சொல்லி முடிச்சாச்சு."

வயர் எங்கே போகிறது என்று இத்தனை வருடம் இந்த வீட்டில் இருந்தும் எனக்குத் தெரியவில்லை. மீட்டர் பெட்டியில் இருந்து தொடங்கினேன். சுவரோடு ஒட்டிப் பின்பக்கம் போகிறது. அடுக்களை ஜன்னலுக்குக் கீழே, குளியலறைச் சுவர் வழியே, நல்லமிளகுக் கொடிக்குள் நுழைகிறது. கொடியை விலக்கினேன். கிணற்றடி வரை வந்திருந்தது. அங்கே அந்தரத்தில் நின்றது. நுனியில் ஒரு துருப்பிடித்த வளையம், எதையோ கவ்வியிருந்த அளவில் வாய் திறந்தபடி.

அப்போதுதான் நினைவு வந்தது. வீட்டுக்கு வயரிங் செய்தபோது கிணற்று மோட்டாரின் இரும்புக் குழாயிலேயே எர்த்தைக் கட்டினார்கள். நம் பக்கத்தில் அப்படித்தான். குழாய் கிணற்றுக்குள் போகிறது, கிணறு மண்ணுக்குள் போகிறது, வேறென்ன வேண்டும். அந்த இரும்புக் குழாய் உடைந்தது உன் கல்யாணத்துக்கு முந்தின நாள். பந்தல் போட்டாகிவிட்டது. சமையல்காரர்கள் அண்டாக்களை இறக்கிவிட்டார்கள். தண்ணீர் இல்லை. நான் ஒரு பக்கம் ஓட, உன் சித்தப்பா ஒரு பக்கம் ஓட, மாலைக்குள் பிளாஸ்டிக் குழாய் போட்டுத் தண்ணீர் வந்துவிட்டது. தண்ணீர் பீறிட்டதும் எல்லோரும் கை தட்டினார்கள். நீ மருதாணிக் கையை இரண்டு பக்கமும் விரித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்று சிரித்தாய். பழைய குழாயை அறுத்து எடுத்தபோது அதில் ஒரு பச்சை வயர் கட்டியிருந்ததை யாரோ அவிழ்த்திருக்க வேண்டும். அவிழ்த்தவருக்கும் அது என்னவென்று தெரிந்திருக்காது. தண்ணீர் வந்துவிட்டதே. பிளாஸ்டிக்கில் கட்டி என்ன பயன் என்று கூட யாரும் யோசித்திருக்கப் போவதில்லை.

ஆக, உன் கல்யாணத்தில் இருந்து இந்த வீட்டுக்கு மண்ணோடு தொடர்பு இல்லை. இதில் யாரைக் குறை சொல்ல. கொடியை மறுபடி மூடினேன்.

எர்த் குழி தோண்ட ஆள் வைத்தேன். இடுப்பளவுக்குக்கூட இல்லை, பாறை. இடம் மாற்றினோம், பாறை. மூன்றாவது இடம் பலாமரத்துக்குப் பக்கத்தில், அங்கே கொஞ்சம் ஆழம் கிடைத்தது. குழாயை இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடினோம். குழி காய்ந்தால் எர்த் கிடைக்காது, தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார்கள். உன் அம்மா கம்ப்யூட்டர் பெட்டியில் உள்ளங்கையை முழுசாக வைத்துப் பார்த்தாள். "இப்ப இல்ல" என்றாள். அவ்வளவுதான் அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த பாராட்டு.

தண்ணீர் ஊற்றும் வேலையை அனு எடுத்துக்கொண்டாள். சிவப்பு மக்கில் முக்கால்வாசியைக் காலில் சிந்திக்கொண்டு போவாள். எதற்கு என்று கேட்டதற்கு அம்மா வருவதற்கு என்று நான்தான் சொல்லிவிட்டேன். வேறெப்படிச் சொல்ல. அதிலிருந்து அவளுக்கு அது "அம்மாக்கு வெள்ளம்". பலாமரத்தடியில் ஊற்றிவிட்டு உள்ளே ஓடி வந்து திரையைப் பார்ப்பாள். மூன்றரை மணியாக இருந்தால் நீ வருவாய். மற்ற நேரங்களில் வரமாட்டாய். திரும்பி ஓடி இன்னொரு மக்கு ஊற்றுவாள்.

இனி அந்த நாள்.

நீ உன் பக்கத்தில் இருந்து பார்த்தது பாதிதான். மழைக்கோள் கட்டியிருந்தது. முதல் இடி கேட்டு உன் அம்மா பிளக்குக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு கையில் உன் துப்பட்டா. "அம்மா, புடுங்காதே" என்றாய் நீ. "அதுக்குத்தானே அப்பா அவ்வளவு பாடுபட்டு மாட்டியிருக்கு. இன்னைக்கு ஒரு நாளாவது முழுசாப் பேசட்டு." அவள் என்னைப் பார்த்தாள். நான் பச்சை விளக்கைப் பார்த்தேன். எரிந்தது. "இருக்கட்டு" என்றேன்.

அனு என் மடியில். நீ அங்கே பிஸ்கட்டைக் கடித்தாய், அவள் இங்கே கடித்தாள். நீ மூக்கைத் தொட்டாய், அவள் தொட்டாள். நீ கன்னத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாய். அவள் முன்னால் சாய்ந்து உன் கன்னம் இருந்த இடத்தில் கையை வைத்தாள்.

அடுத்த தோப்பில் தென்னையில் இடி விழுந்தது. சத்தம் பிறகுதான் கேட்டது போல நினைவு. முதலில் சுவரில் போன் வயர் நுழையும் இடத்தில் நீலமாக ஒரு பொறி, ஒரு முழ நீளத்துக்கு. திரை இருண்டது. எல்லாம் இருண்டது. அனுவின் கை அங்கேயே இருந்தது. அவள் அழவில்லை. கையை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை, மக்களே, அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ வந்து பார்க்கும்போது நீயும் பார். அவள் விரல்களை ஒவ்வொன்றாக நான் அன்றைக்கு எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்குத் தெரியாது. உன் அம்மா அவளை என் மடியில் இருந்து வாரிக்கொண்டு போய்விட்டாள். என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இப்போதும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

போனும் செத்துவிட்டது. அலமாரிக்குள் கிடந்த செல்லை எடுத்து, மழைக்குள் ரோடு வரை நடந்து, சிக்னல் கிடைக்கும் இடத்தில் உன்னைக் கூப்பிட்டபோது நீ ஒரு மணி நேரமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாய். கத்தினாய். கத்தியது சரிதான். உன் திரையில் அவள் உள்ளங்கை அப்படியே உறைந்து நின்றது என்றாய்.

அடுத்த வாரம் அந்தக் கறுப்புப் பெட்டியை மார்த்தாண்டம் கொண்டுபோனேன். பச்சை விளக்கு அணைந்திருந்தது. கடைக்காரர் குலுக்கிப் பார்த்தார். உள்ளே ஏதோ கடகடத்தது. "சார், கம்ப்யூட்டர் எப்படி?"

"ஓடுது. மோடந்தான் போச்சு."

"அப்போ இது வேலை செய்திருக்கு சார். தான் செத்து அதக் காப்பாத்திருக்கு. இதுக்க வேலையே அதான்."

"பிள்ளை மடியில இருந்தா. திரையில கை வச்சிட்டு."

அவர் பெட்டியை மேசையில் வைத்தார். "பிள்ளைக்கெல்லாம் இதுல ஒண்ணும் எழுதல்ல சார்" என்றார்.

எழுதியிருந்தது. வீட்டுக்கு வந்து தாளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கம், கடைசி வரி, சின்ன எழுத்து. மிக அருகில் விழும் மின்னலுக்கு இது பாதுகாப்பு அல்ல, இடி மழையின்போது பிளக்கையும் போன் வயரையும் கழற்றிவிடவும். மற்ற பெட்டிகளின் தாள்கள் நினைவில் வந்தன. மோசமானவை எதிலும் இந்த வரி இல்லை. அவை எல்லாவற்றில் இருந்தும் காப்பதாகச் சொல்கின்றன. நல்லவை மட்டும்தான் கடைசிப் பக்கத்தில் தம்மால் முடியாததைச் சொல்கின்றன. ஆகவே நல்லதைப் பார்த்து வாங்கத் தெரியாதா என்று நீ கேட்டதற்குப் பதில் இது. தெரியும். இப்போது தெரியும். நல்லது எது என்றால், பிடுங்கிவிடு என்று சொல்வது. பிடுங்கினால் நீ இல்லை.

வேறு வழிகளையும் பார்த்தேன். சிம் போட்டுச் செருகும் டேட்டா கார்டு ஒன்றை இரவல் வாங்கி வந்து வீட்டின் நான்கு மூலையிலும் பிடித்தேன். ரப்பருக்கும் மலைக்கும் நடுவில் உன் குரலே துண்டு துண்டாக வருகிறது, முகம் வரவே இல்லை. வெறும் போனில் உன் குரலைக் கேட்டால் அவள் போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கிறாள். நீ எங்கே என்று. புது மோடம் சொல்லியிருக்கிறேன். புதுப் பெட்டியும் வாங்குவேன், விளக்கு வைத்தது, போன் துளை வைத்தது, ஜூல் எழுதியது. வெயில் நாட்களில் லைனில் வரும் சின்னச் சின்ன அடிகளை அது தாங்கும். ஆனால் முதல் இடியிலேயே பிடுங்கிவிடுவேன். நீ பேசிக்கொண்டிருந்தாலும், பாதிச் சொல்லில் இருந்தாலும். நீ அங்கே கத்துவாய். கத்து. இந்த ஐப்பசி முழுக்க அப்படித்தான் இருந்திருக்கும், நீ லீவில் வராவிட்டால்.

நீ வருகிறாய். சொல்ல வந்தது இதைத்தான்.

அந்த நாளுக்குப் பிறகு அனுவுக்கு ஒரு வழக்கம் வந்திருக்கிறது. இடி கேட்டால் எங்களுக்கு முன்னால் அவள் எழுந்துவிடுகிறாள். கொடியில் இருந்து உன் நீலத் துப்பட்டாவை இழுத்துக்கொண்டு வருகிறாள். ஸ்டூலில் ஏறி, இருண்டு கிடக்கும் திரையை மூடுகிறாள். ஓரங்களைச் சரிசெய்கிறாள். உறங்கும் பிள்ளையைப் போர்த்துவது போல. "அம்மா உறங்கட்டு" என்கிறாள், எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைக்கிறாள். மழை விடும்வரை அந்த அறையில் யாரும் பேசக்கூடாது. உன் அம்மா கூடப் பேசுவதில்லை. மோடம் இல்லை, நீ வரப்போவதில்லை, பிளக் ஏற்கெனவே கீழே கிடக்கிறது. இதில் எதையும் அவளுக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியவில்லை. மழை விட்டதும் துப்பட்டாவின் கீழ் ஓரத்தைத் தூக்கி உள்ளே பார்க்கிறாள். கறுப்பாக இருக்கும். மறுபடி இறக்கிவிடுகிறாள்.

நீ வரும்போது ஐப்பசி. முதல் நாளோ இரண்டாம் நாளோ, அவள் உன்னிடம் வந்திருப்பாளா, என் காலுக்குப் பின்னால்தான் நிற்பாளா, எனக்குத் தெரியாது. வந்தாலும் வராவிட்டாலும் மாலையில் வானம் கறுக்கும். இடிக்கும். நான் யோசித்துப் பார்த்தேன். அவள் முதலில் திரையைப் பார்ப்பாள். பிறகு உன்னைப் பார்ப்பாள். பிறகு துப்பட்டாவை எடுத்துக்கொண்டு உன்னிடம் வருவாள் என்று நினைக்கிறேன். இடி வந்தால் நீ போய்விடுவாய் என்பதுதான் அவளுக்குத் தெரிந்த ஒரே விஷயம். நாங்கள் சொல்லிக்கொடுத்தது அது.

மூடுவாள். மூடட்டும். சிரித்துவிடாதே, உன் அம்மா அழுதால் அவளையும் பார்க்காதே. எடுத்து அணைத்துக்கொள்ளவும் வேண்டாம், அது பிறகு. தரையில் உட்கார்ந்துகொள், ஸ்டூலில் ஏறாமல் அவளுக்கு எட்டும் உயரத்தில். அந்த நீலத்துக்குள் அசையாமல் இரு. நான் அன்றைக்கு எதையும் பிடுங்கவேண்டியிருக்காது. மழை எவ்வளவு நேரம் நிற்காமல் பெய்தாலும் இரு.

துணியை நீ எடுக்காதே. அவள் எடுப்பாள். எப்போதும் கீழ் ஓரத்தில் இருந்துதான் தூக்குவாள். உன் முகத்தில் நாடிதான் முதலில் தெரியும்.

அப்பா